யாருடைய கணக்கு? தொற்றுநோய்க் காலத் தரவும் ஆறாம் வேற்றுமையும்

பெங்களூரில் பிரேசர் டவுன் என வழங்கும் பகுதி ஒரு கொள்ளைநோயின் விளைவாகத் தோன்றியது. அரசு ஆவணங்களில் புலிகேசி நகர் என்னும் பெயர் இடம்பெற்றுப் பல்லாண்டுகள் ஆயினும் மக்கள் வழக்கில் பழைய பெயரே நிலைபெற்றுள்ளது. 1898 ஆகஸ்டில் இந்நகரில் பிளேக் நோய் புகுந்தபோது பெங்களூர் இரு ஆட்சிகளுக்கு உட்பட்டிருந்தது. பேட்டைப் பகுதி மைசூர் அரசின்கீழும், தண்டு எனக் குறிக்கப்பெற்ற படைக் குடியிருப்பு ஆங்கிலேய ரெசிடெண்டின்கீழும் இருந்தன. தண்டில் மக்கள் மிக நெருங்கி வாழ்ந்த பிளாக்பள்ளி, அதாவது இன்றைய சிவாஜி நகர், நோய்க்குப் பெரிதும் இரையாயிற்று. அந்நெரிசலைக் குறைக்கும் பொருட்டு 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் புதிதாக வகுக்கப்பட்ட குடியிருப்பே பிரேசர் டவுன். ரெசிடெண்டாக விளங்கிய ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு இடப்பட்டது. இக்குடியிருப்பைப் பற்றி ஜே. எச். ஸ்டீபன்ஸ் எழுதி 1914இல் வெளிவந்த ஆங்கில நூலின் தலைப்பே பிளேக் புகாத நகரமைப்பு எனப் பொருள்படுவது.

பிளாக்பள்ளி என்னும் பெயரின் வரலாறும் சுவையானது. வெள்ளரிசி விளைந்த ஊர் என்னும் பொருளில் பிளி அக்கிப் பள்ளி என்பது மருவி வந்தது என்பர் ஒரு சாரார். தண்டின் அமைப்பை வகுத்த பொறியாளர் பிளாக்கிஸ்டனின் பெயரே திரிந்தது என்பர் மற்றொரு சாரார். ஊர்ப்பெயரே யாருடையது என்னும் வினாவுக்கு இருவேறு விடைகள் இருக்கும் இடத்தில், அவ்வூர் மக்களின் நோயும் சாவும் யாருடைய கணக்கு என்னும் வினா எழுவது வியப்பன்று.

அக்காலச் சுகாதார ஆவணங்களில் எண்ணுவோர் நகராட்சி அலுவலர், எண்ணப்படுவோர் தெருவினர். 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் நான்கே பிரிவுகள் கொண்டது. கொள்ளைநோய் யாது என அது வரையறுக்கவில்லை. நோயாளர் பற்றிய செய்தி யாரிடம் இருத்தல் வேண்டும், யாருக்குச் சொல்லப்படுதல் வேண்டும் என்பன பற்றியும் அதில் ஒரு சொல்லும் இல்லை. அதிகாரத்தை மட்டும் வழங்கி அது முடிந்துவிடுகிறது. பம்பாயில் பிளேக் தாக்கிய வீடுகளின் சுவரில் மனிதர் வாழத் தகாதது எனப் பொருள்படும் யு. எச். எச். என்னும் மூன்று எழுத்துகள் தீட்டப்பட்டன. அவ்வீட்டில் வாழ்ந்தோருள் பலருக்கு அவ்வெழுத்துகளைப் படிக்கத் தெரியாது. தம் வீட்டைப் பற்றிய தரவு தமக்குப் புரியாத மொழியில் தம் சுவரிலேயே எழுதப்பட்ட நிலை அது.

மக்கள் தம் போக்கில் வேறொரு பதிவை வைத்திருந்தனர். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில் உள்ளது. பெங்களூரிலும் பிளேக் அம்மன் வழிபாடு உண்டு. 2021 மே மாதத்தில் கோயம்புத்தூர் இருகூரில் கொரோனா தேவிக்குச் சிலை அமைக்கப்பட்டபோது நாளிதழ்கள் அதனை மூடநம்பிக்கை என எள்ளி எழுதின. ஊர் தன் துயரைத் தன் சொல்லால் குறித்து வைக்கும் பழைய முறையின் தொடர்ச்சி அது என்பதை அவை கருதவில்லை. எனினும் அம்மனின் பெயர் எத்தனை பேர் மாண்டனர் என்பதைச் சொல்லாது. மருந்தும் மருத்துவமனையும் கேட்டுப் பெறுதற்கு அப்பெயர் சான்றாகாது. தொகை வேண்டும். அத்தொகையை யார் தொகுப்பது, யார் வைத்திருப்பது என்பதில்தான் சிக்கல் உள்ளது.

தரவு என்னும் சொல்

ஆங்கிலச் சொல்லுக்கு நேராக இன்று ஆளப்படும் தரவு என்பது தா என்னும் வினையடியாகப் பிறந்தது. இலத்தீன் மூலமும் தரப்பட்டது எனவே பொருள்படுவதால் மொழிபெயர்ப்பு பொருத்தமானதே. ஆயினும் தமிழில் இச்சொல்லுக்கு இலத்தீனில் இல்லாத ஓர் இலக்கண வரலாறு உண்டு. தொல்காப்பியக் கிளவியாக்கம் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கினையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்து, வரவும் தரவும் தன்மை முன்னிலைக்கும், செலவும் கொடையும் படர்க்கைக்கும் உரியன எனப் பிரிக்கிறது. எனக்குத் தந்தான், நினக்குத் தந்தான் என்பன வழக்கு. அவனுக்குக் கொடுத்தான் என்பதே படர்க்கைக்கு உரிய மரபு. ஆகவே தரவு என்பது பெறுவோர் பேச்சின் களத்துள் இருக்கும்போது நிகழ்வது. தருவோர் அறியாத, கண் காணாத ஒருவரைச் சென்று சேர்வது அம்மரபின்படி தரவு ஆகாது.

எச்சவியலும் இங்கு நோக்கத்தக்கது. ஒருவரிடம் ஒன்றை வேண்டும்போது ஈ என்பது தாழ்ந்தோன் கூற்று. தா என்பது ஒப்போன் கூற்று. கொடு என்பது உயர்ந்தோன் கூற்று. தரவு கேட்போன், சொல்லின் பிறப்பு நோக்கின், கேட்கப்படுவோனுக்கு ஒப்போன். புதிய கலைச்சொல்லை ஆக்கியோர் இவ்விதிகளைக் கருதி ஆக்கினர் எனக் கூறுவதற்கில்லை. இன்றைய பேச்சு வழக்கில் இவ்வேறுபாடுகள் பெரிதும் மறைந்தும் போயின. இலக்கணம் அறத்தை நிறுவிவிடாது என்பதும் உண்மை. ஆனால் ஒரு சொல் தன் மரபில் எவ்வகை உறவைக் குறித்தது என அறிந்தால், அச்சொல் இன்று போர்த்தி மறைக்கும் உறவு எது என்பதை எளிதில் காணலாம். தொற்றுக் காலத்தில் தரவு எனப்பட்டவற்றுள் பெரும்பகுதி தரப்பட்டது அன்று, கொள்ளப்பட்டது.

எண்ணப்பட்டோரின் துயர்

2020 மார்ச்சில் கர்நாடக அரசு வெளியிட்ட நாள்தோறுமான நோய் அறிக்கைகள் மொழியியலார் ஆராய்ந்து பார்க்கத்தக்க பனுவல்கள். நோயாளர் ஒவ்வொருவரும் பி என்னும் எழுத்தும் ஓர் எண்ணும் பெற்றனர். வயது, பால், ஊர், பயணம், இன்ன எண்ணுடையவரின் தொடர்பு என்னும் குறிப்புகள் தொடர்ந்தன. நஞ்சன்கூட்டு மருந்துத் தொழிற்சாலையில் பரவிய தொற்றினை 52ஆம் நோயாளி என்னும் தொடராலேயே மாநிலம் முழுவதும் அறிந்தது. பெயர் மறைக்கப்பட்டது உண்மை. ஆனால் சிறிய ஊரில் வயதும் பயணமும் சேர்ந்தாலே பெயர் வெளிப்பட்டுவிடும். அதே மாதத்தில் வீட்டில் தனித்திருக்கப் பணிக்கப்பட்டோரின் முகவரிகள் மாவட்ட வாரியாக வெளியிடப்பட்டன. அவர்தம் கையில் அழியா மையால் முத்திரையும் குத்தப்பட்டது. வீட்டுக் கதவில் அறிவிப்பு ஒட்டும் வழக்கமும் பல மாநிலங்களில் பரவியது. தகுந்த சட்ட ஆணை இன்றி அவ்வாறு ஒட்டலாகாது என உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் கூறியது. பம்பாய்ச் சுவரின் மூன்று எழுத்துகளுக்கும் இக்கதவுத் தாளுக்கும் இடையே 120 ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன.

பிரேசர் டவுன் போன்று இசுலாமியர் மிகுதியாக வாழும் பகுதிகளுக்கு இத்துயர் இருமடங்காயிற்று. தில்லி நிசாமுதீனில் நடைபெற்ற தப்லீக் கூட்டத்துடன் தொடர்புடைய நோயாளர் எண்ணிக்கை நடுவண் நலவாழ்வு அமைச்சகத்தின் செய்தியாளர் சந்திப்புகளில் தனியாகச் சொல்லப்பட்டது. 2020 ஏப்ரல் 18 அன்று மொத்தம் 14,378 பேருள் 4,291 பேர், அதாவது 29.8 விழுக்காட்டினர், அத்தொடர்புடையோர் எனக் கூறப்பட்டது. தொடர்பு தேடிச் சென்று சோதிக்கப்பட்டோர் ஒரு கூட்டத்தினராக இருக்கும்போது கண்டறியப்பட்டோரும் அக்கூட்டத்தினராகவே மிகுவர் என்பது புள்ளியியலின் முதற்பாடம். பிற கூட்டங்கள் அவ்வாறு தேடப்படவில்லை. எண் பொய்யன்று, எண்ணுக்கு இடப்பட்ட அடைமொழியே பொய்யான பொருளைத் தந்தது. தமிழக அரசின் அறிக்கைகளில் முதலில் தில்லி மாநாடு என வந்தது, பின்னர் ஒரே மூலத்திலிருந்து பரவிய நிகழ்வு என்னும் பொருள்படும் தொடராக மாற்றப்பட்டது. அம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆனால் அதற்குள் அடைமொழி தெருவுக்கு வந்துவிட்டது. காய்கறி வணிகர் பெயர் கேட்கப்பட்டு விரட்டப்பட்ட செய்திகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்தன. கூட்டத்தில் கலந்துகொண்ட அயல்நாட்டினர் மீதான வழக்குகளை 2020 ஆகஸ்டில் நீக்கிய பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அவர்கள் பலியாடுகள் ஆக்கப்பட்டனர் என்னும் கருத்தைத் தெரிவித்தது.

2021 மே மாதம் பெங்களூரில் மற்றொன்று நிகழ்ந்தது. படுக்கை ஒதுக்கீட்டில் முறைகேடு எனக் குற்றம் சாட்டப்பட்டபோது, மாநகராட்சி மண்டலக் கட்டுப்பாட்டு அறை ஒன்றில் பணிபுரிந்த 200க்கு மேற்பட்டோருள் ஒரே சமயத்தவரான 17 பேரின் பெயர்கள் மட்டும் செய்தியாளர் முன்னிலையில் படிக்கப்பட்டன. பட்டியல் என்பது எண்களின் தொகுதி மட்டும் அன்று. அதிலிருந்து எதைத் தெரிந்து படிப்பது என்னும் உரிமையும் அதனுள் அடங்கும். அவ்வுரிமை பட்டியலில் இடம்பெற்றோரிடம் இல்லை.

இதே நகரில் மெர்சி மிஷன் என்னும் தொண்டு அமைப்புகளின் கூட்டணி உணவு, உயிர்வளி, மருத்துவ ஊர்தி ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்ததுடன், சமய வேறுபாடு இன்றி இறந்தோரின் இறுதிச் சடங்குகளையும் நிறைவேற்றியது. யார் இறந்தார், எங்கு இறந்தார், உடலைப் பெற உறவினர் வந்தனரா என்பதை நேரில் அறிந்தோர் இத்தொண்டர்களே. பள்ளிவாசலின் அடக்கப் பதிவேடும் பங்குக் கோயிலின் இறப்புப் பதிவேடும் தண்டுப் பகுதியில் நூறாண்டுக்கு மேற்பட்ட மரபுடையன. அரசின் நோய்க் கணக்கில் இப்பதிவேடுகளுக்கு இடமில்லை. இவற்றுள் உள்ளது தரவு என்னும் சொல்லின் பழைய பொருளுக்கு நெருங்கியது. தருவோரும் பெறுவோரும் ஒருவரை ஒருவர் அறிவர்.

எண்ணப்படாதோரின் துயர்

பிரேசர் டவுன் மக்களுக்கு எண்ணப்பட்டது துயராயின், பழங்குடியினருக்கு எண்ணப்படாததே துயராயிற்று. இரண்டும் எதிரெதிராகத் தோன்றும், வேர் ஒன்றே. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் பழங்குடியினர் 10.43 கோடி, மொத்த மக்களுள் 8.6 விழுக்காடு. 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வில், பிறக்கும் 1000 குழந்தைகளுள் ஐந்து வயது நிறைவதற்குள் இறப்போர் பழங்குடியினரிடையே 57.2, பட்டியலில் சேராத ஏனையோரிடையே 38.5. மருத்துவர் அபய் பங் தலைமையிலான வல்லுநர் குழு 2018இல் அளித்த பழங்குடியினர் நலவாழ்வு அறிக்கை, நோயைக் காட்டிலும் நோய் பற்றிய செய்தியின்மையையே பெருங்குறையாகச் சுட்டியது. நாட்டின் நலவாழ்வுச் செய்தி முறையில் பழங்குடியினருக்கெனத் தனிக் கணக்கு இல்லை என்பதை அது வெளிப்படையாகவே கூறிற்று. இரண்டாண்டில் தொற்று வந்தது. அக்குறை அப்படியே இருந்தது.

நாள்தோறும் வெளியான நாட்டளவிலான நோய்க் கணக்கில் பழங்குடியினர் என்னும் பிரிவு இல்லை. தடுப்பூசிக்குரிய கோவின் தளத்தின் பதிவிலும் அவ்வினா இல்லை. ஆயினும் 2021 ஜூனில் நடுவண் அரசு ஒரு கூற்றை வெளியிட்டது: பழங்குடி மாவட்டங்கள் 176இல் 128 மாவட்டங்கள் தடுப்பூசி வழங்குவதில் நாட்டின் சராசரியைவிட மேம்பட்டுள்ளன. இக்கூற்று இலக்கண ஆராய்ச்சிக்கு உரியது. பழங்குடி மாவட்டம் என்பது பழங்குடியினர் மிகுதியாக வாழும் மாவட்டம். அங்கு ஊசி போட்டுக்கொண்டோர் பழங்குடியினரா, மாவட்டத் தலைநகரில் வாழும் ஏனையோரா என்பது அவ்வெண்ணில் இல்லை. ஊர் சிரித்தது என்றால் ஊரில் உள்ளார் சிரித்தனர் என இடவாகுபெயராகப் பொருள் கொள்வது செய்யுளுக்கும் பேச்சுக்கும் அழகு. புள்ளிவிவரத்தில் இடவாகுபெயர் புகுந்தால் இல்லாத செய்தி இருப்பதுபோல் தோன்றும்.

இப்பிழை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. பிரேசில் நாட்டில் தொல்குடியினர் நலத்துக்கான அரசுத் துறை, தன் 34 சிறப்பு மாவட்டங்களின் எல்லைக்குள் வாழ்ந்தோரை மட்டுமே தொற்றுக் கணக்கில் சேர்த்தது. நகரங்களுக்குக் குடிபெயர்ந்தோர் இறந்தபோது அவர்கள் தொல்குடியினராகக் கருதப்படவில்லை. தொல்குடியினர் கூட்டமைப்பாகிய ஆபிப் தானே இறப்புகளைத் தொகுத்தது. அதன் தொகை அரசின் தொகையைவிட மிகுந்தது. அக்கூட்டமைப்பு தொடுத்த வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் தொல்குடியினரைக் காக்கும் நடவடிக்கைகளுக்கு ஆணையிட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள தொல்குடி நல நிறுவனம், பல மாநிலங்களின் கணக்கில் தம் மக்கள் பிற என்னும் பத்தியில் தள்ளப்பட்டதை எடுத்துக்காட்டி வந்தது. அந்நகரின் தொல்குடி மருத்துவ மையம் ஒன்று 2020இல் பாதுகாப்புக் கருவிகள் வேண்டியபோது அதற்குப் பிணப்பைகள் வந்து சேர்ந்தன.

பிற என்னும் பத்தி தமிழகத்துக்கும் அயலன்று. வாக்ரி மொழி பேசும் மக்களை எடுத்துக்கொள்ளலாம். கர்நாடகத்தில் ஹக்கிப்பிக்கி என்னும் பெயரில் அவர்கள் பட்டியல் பழங்குடியினர். தமிழகத்தில் நரிக்குறவர் என்னும் பெயரில் அவர்கள் தொற்றுக் காலம் முழுவதும் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தனர். நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றிய திருத்தமே அவர்களைத் தமிழகப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தது. ஒசூர் எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே தாய்மொழி பேசும் உறவினர் இருவர் 2020இல் நோயுற்றிருப்பின், ஒருவர் பழங்குடியினர், மற்றவர் அல்லர். காட்டுநாயக்கரும் கர்நாடகத்தின் ஜேனு குறுபரும் நெருங்கிய தொடர்புடையோர் எனக் கருதப்படுகின்றனர்; ஆவணங்களில் அவர்கள் இரு வேறு இனத்தவர். பணியர் என்னும் பெயர் அம்மக்களின் உழைப்பை நோக்கிப் பிறர் இட்டது எனக் கொள்ள இடமுண்டு. நரிக்குறவர் என்பதும் பிறர் இட்டதே. பிறர் இட்ட பெயரில் பிறர் எழுதும் கணக்கு எண்ணிக்கையில் சரியாக அமைந்தாலும், அது யாரைக் குறிக்கிறது என்பதில் தடுமாறும்.

மொழியும் இங்கு ஒரு தடை. கோவின் தளம் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மட்டும் இயங்கியது. 18 முதல் 44 வயதினருக்கு 2021 மே முதல் இணையப் பதிவு கட்டாயமாயிற்று. எழுத்தறிவும் இணைய வசதியும் அற்றோர் நிலை என்ன என உச்ச நீதிமன்றம் அம்மாத இறுதியில் வினவியது. ஜூன் தொடக்கத்தில் இந்திய மொழிகள் சேர்க்கப்பட்டபோது முதற்பட்டியலில் தமிழ் விடுபட்டது. தமிழக அரசு சுட்டிய பின்னரே சேர்ந்தது. தமிழ் விடுபட்டதைக் குறித்துத் தமிழ் நாளிதழ்கள் எழுதின, எழுதியது முறையே. எட்டாவது அட்டவணையில் இடம்பெற்ற சந்தாலிகூட அங்கு இல்லை என்பதையும், பெட்டகுறும்பம் போன்ற மொழிகளுக்கு அவ்வினாவே எழவில்லை என்பதையும் பற்றி அதே அளவு அக்கறை காட்டப்பட்டதாகத் தெரியவில்லை.

தற்கிழமையா, பிறிதின்கிழமையா?

தொல்குடியினரின் தரவு உரிமை பற்றிய கோட்பாடுகள் வெளிநாட்டில் உருவாயின. கனடா நாட்டின் முதற்குடியினர் 1998இல் ஓகேப் என்னும் நான்கு கொள்கைகளை வகுத்தனர்: உரிமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம். 2019இல் உலகத் தொல்குடித் தரவுக் கூட்டணி கேர் கொள்கைகளை வெளியிட்டது: கூட்டு நன்மை, கட்டுப்படுத்தும் அதிகாரம், பொறுப்பு, அறம். இவற்றைத் தமிழில் எழுதுவோர் ஓகேப்பின் முதற் சொல்லையும் இறுதிச் சொல்லையும் உடைமை என்னும் ஒரே சொல்லால் பெயர்த்துவிட நேரும். அது பெரும்பிழையாகும். உரிமை ஒருவரிடமும் கைவசம் மற்றொருவரிடமும் இருப்பதே இச்சிக்கலின் உயிர்நிலை. ஆவணம் அலுவலகத்தில் இருக்கிறது. எனவே அலுவலகத்துக்கு உரியது என்னும் நினைப்பு அவ்விரு சொற்களின் மயக்கத்தால் வருவது.

தமிழ் இலக்கணம் இதற்கு ஒரு கருவியை வைத்துள்ளது. ஆறாம் வேற்றுமையின் பொருள் கிழமை. அது தற்கிழமை, பிறிதின்கிழமை என இருவகைப்படும். உடையதினின்றும் பிரிக்க இயலாதது தற்கிழமை. பிரிந்து நிற்பது பிறிதின்கிழமை. சாத்தனது கை என்பது முன்னது; சாத்தனது வீடு என்பது பின்னது. நன்னூலார் தற்கிழமையை விரித்துக் கூறும்போது பண்பு, உறுப்பு ஆகியவற்றோடு நில்லாமல் ஒன்றன் கூட்டம், பலவின் ஈட்டம், திரிபின் ஆக்கம் ஆகியவற்றையும் சேர்க்கிறார். நெல்லின் குவியல் ஒன்றன் கூட்டம். நெல்லின் பொரி திரிபின் ஆக்கம். குவித்தாலும், வறுத்துப் பொரித்தாலும், அது நெல்லுக்குத் தற்கிழமையே என்பது இலக்கண முடிபு.

தரவு பற்றிய இன்றைய வாதங்கள் அனைத்தும் இவ்விடத்தில் வந்து மோதுகின்றன. தனியொருவரின் நோய்ச் செய்தி அவருடையது என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் பலருடைய செய்திகள் குவிக்கப்பட்டதும், பெயர் நீக்கப்பட்டு விழுக்காடாக மாற்றப்பட்டதும், அது தொகுத்தவருக்கு உரியதாகிவிட்டது என்பதே அரசு, ஆய்வு நிறுவனம், வணிக நிறுவனம் ஆகிய மூன்றும் கொண்டுள்ள நினைப்பு. அதாவது கூட்டமும் திரிபும் தற்கிழமையைப் பிறிதின்கிழமை ஆக்கிவிடும் என்பது அவற்றின் இலக்கணம். கனடா முதற்குடியினர் கூறுவதும் பிரேசில் கூட்டமைப்பு கூறுவதும் நன்னூலுக்கு நெருங்கியவை. இதனால் நன்னூலார் தரவு உரிமையை முன்னறிந்தார் எனப் பெருமை பேசத் தேவையில்லை. அத்தகைய பெருமையால் எவருக்கும் ஒரு மாத்திரையும் கிடைக்கப்போவதில்லை. வழக்கிலுள்ள கலைச்சொற்களுக்கு மாறாகத் தரவுக் கிழமை என்னும் தொடரை ஆண்டால் வேறுபாடு துலங்கும் என்பதே இங்கு வேண்டப்படுவது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்கு அரிவாள் செல் நோய் சான்று. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்ட தேசியத் திட்டம், 40 வயது வரையிலான 7 கோடிப் பேரின் குருதியைச் சோதித்து, 2047க்குள் நோயை ஒழிக்க இலக்கு வகுத்துள்ளது. சோதிக்கப்பட்டோர்க்கு அட்டை வழங்கப்படுகிறது. மரபணுவைச் சுமப்போர் யார் என்பதை அது காட்டும். திருமணப் பொருத்தம் பார்க்கும்போது அதனைக் கருதுமாறு அறிவுரை கூறப்படுகிறது. குருதி உறுப்பு. குருதியின் குணம் பண்பு. இரண்டும் ஐயமின்றித் தற்கிழமை. அட்டையில் எழுதப்பட்டுக் கணிப்பொறியில் சேர்ந்த பின் அது யாருக்குக் கிழமை? ஒரு சிற்றூரில் பெண் கேட்டு வருவோர் அட்டையைக் கேட்டால் காட்ட மறுக்கும் உரிமை அப்பெண்ணுக்கு உண்டா? தொற்றுக் காலத்தில் பிரேசர் டவுன் தெருக்களில் பெயருக்கு நேர்ந்தது குருதிக்கும் நேரக்கூடும்.

கூடலூரின் பதிவேடு

நீலகிரி மாவட்டம் கூடலூரில் 1980களின் நடுவில் தொடங்கிய அக்கார்ட் அமைப்பும், அங்குள்ள பழங்குடியினரின் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமும், 1990இல் உருவான அஸ்வினி நலவாழ்வு அமைப்பும் இவ்வகையில் தமிழகம் நன்கறிய வேண்டியவை. பணியர், பெட்டகுறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் ஆகிய ஐந்து குடியினரிடையே இவை பணியாற்றி வருகின்றன. அம்மக்களுள்ளிருந்தே நலப் பணியாளரும் செவிலியரும் பயிற்றப்பட்டனர். 1992 முதல் சங்க உறுப்பினர்க்கெனக் காப்பீட்டுத் திட்டம் நடத்தப்பட்டது. இப்பகுதியின் முன்னோடி மருத்துவர்களுள் ஒருவரான நாராயணன் தேவதாசன் பின்னர்ப் பெங்களூரில் பொதுநல நிறுவனம் ஒன்றை நிறுவியோருள் ஒருவரானார். கூடலூரின் பட்டறிவு அவ்வழியே பெங்களூர் ஆய்வுலகுக்கும் சென்றது.

காப்பீட்டுக்கு உறுப்பினர் பட்டியல் இன்றியமையாதது. யார் எந்த ஊரினர், எக்குடும்பத்தினர் என்னும் பட்டியல் சங்கத்தினிடமே இருக்குமாயின் அது உரிமையும் கைவசமும் ஒருங்கே அமைந்த நிலை. நீலகிரி மாவட்டத்தில் வயது வந்த பழங்குடியினர் ஏறத்தாழ அனைவருக்கும் முதல் தவணை ஊசி போடப்பட்டது என மாவட்ட நிர்வாகம் 2021 நடுவில் அறிவித்தது. அத்தகைய கூற்றுக்கு வேண்டிய பெயர்ப்பட்டியல், குடி பற்றிய வினாவே இல்லாத கோவின் தளத்திலிருந்து கிடைத்திருக்க இயலாது. ஊர் அறிந்தோர் வைத்திருக்கும் பட்டியலே அதற்கு அடிப்படையாதல் கூடும். மாவட்டத்தை மக்களாகக் கொண்ட இடவாகுபெயர்க் கணக்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு வெளிப்படை.

எனினும் மக்களே தொகுக்கும் தரவு என்றவுடன் குறை அனைத்தும் தீர்ந்துவிட்டதாக எழுதும் ஆய்வுரைகள் ஐயத்துடன் படிக்கத்தக்கன. மக்கள் என்னும் பெயர் பன்மை. அதனை ஒருமையாக ஆள்வது எளிது. கூடலூரின் ஐங்குடியினரும் ஒரு மொழியினர் அல்லர். அவர்களிடையே நிலமும் கல்வியும் ஒத்த அளவினவும் அல்ல. பதிவேடு எம்மொழியில் எழுதப்படுகிறது, நோய்க்கு எக்குடியின் சொல் இடப்படுகிறது, ஆண்டுக்கூட்டத்தில் அதனைப் படிப்போர் யார் என்பன கேட்கப்பட வேண்டிய வினாக்கள். இரண்டாயிரம் அளவினரான தோடர் போன்றோரிடையே எண்ணுக்கும் பெயருக்கும் இடையே திரை மிக மெல்லியது. ஒரு மந்தில் ஒருவருக்கு நோய் என்றால் அவர் யார் என்பது அடுத்த மந்துக்குத் தெரியும். அங்கே தொகையை வெளியிடாதிருப்பதும் சில வேளைகளில் தரவுக் கிழமையின் பகுதியே. வெளியிடுவதே நேர்மை எனப் பயின்ற ஆய்வாளர் இதனை ஏற்கத் தயங்குவர்.

மற்றொரு குறையும் உண்டு. மக்கள் தொகுத்த கணக்கை அரசு சான்றாக ஏற்பதில்லை. 2020 ஏப்ரலில், ஊரடங்கால் சிக்குண்ட புலம்பெயர் தொழிலாளரின் தொலைபேசி அழைப்புகளை ஏற்று உதவிய ஸ்வான் என்னும் தன்னார்வலர் குழு, தன்னை அணுகிய 11,159 தொழிலாளரின் நிலையைத் தொகுத்து வெளியிட்டது. அவர்களுள் 96 விழுக்காட்டினருக்கு அரசின் உணவுப்பொருள் கிடைக்கவில்லை என அவ்வறிக்கை கூறியது. அதே ஆண்டு செப்டம்பரில், ஊரடங்குக் காலத்தில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்டபோது, அத்தகைய தரவு பேணப்படவில்லை என விடை வந்தது. பேணப்படவில்லை என்பது செயப்பாட்டு வினை. எழுவாய் மறைந்து நிற்கும் வாக்கியம். இறந்தோர் யார் என உறவினர் அறிவர். உடன் நடந்தோர் அறிவர். பேணாதோர் யார் என்பதை அவ்வாக்கியம் சொல்லாமல் விடுகிறது.

2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாகக் கொண்டு எடுக்கப்படும் என 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. ஒசூர் எல்லையின் இருபுறத்து வாக்ரி மக்களும் பழங்குடியினராக ஒருசேர எண்ணப்படும் முதற் கணக்கு அதுவாக இருக்கும். தாய்மொழி என்னும் பத்தியில் எண்ணுவோர் எதனை எழுதுவர் என்பது, வாயிலில் நிற்கும் அவர் வீட்டாரிடம் கேட்டு எழுதுகிறாரா, முகத்தைப் பார்த்து எழுதுகிறாரா என்பதைப் பொறுத்தது.